கூட்டுவதற்கு ஆள் வேண்டாத கோர்ட்

போன ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கோலத்தின் ஈரம் காய்வதற்குள் பக்கத்துத் தெருப் பெரியவர் வந்துவிட்டார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு கத்தை நகல்கள். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஊருக்கு ஊர் பழைய ராணுவத்தார் இருக்கிறார்கள். ஆனால் ராணுவத்தில் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவர்கள் குறைவு. நான் இருபத்தெட்டு வருடம் கிளார்க்காகவே இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். அதனால் ஓய்வூதியத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும், எவன் பிள்ளைக்கு என்ன தண்டனை வந்தாலும், காகிதம் கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்.

பெரியவரின் தங்கை மகன் பதினோரு வருடம் சர்வீஸ் முடித்த சிப்பாய். லீவில் வந்தவன் நாற்பத்தியொரு நாள் தாமதமாகப் போயிருக்கிறான். சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. மூன்று மாதம் கடுங்காவல், கூடவே டிஸ்மிஸ். தண்டனையை அனுபவித்து முடித்து ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை என்றார் மாமா.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சுபேதார் சார், கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் வெறும் மேஜர். கர்னல்கூட இல்லை. ஒரு மேஜர் எப்படி கோர்ட்டைக் கூட்ட முடியும்? டெல்லியிலிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டாமா? உத்தரவு நகலை இதில் காணவே காணோமே."

நல்ல கேள்வி. நான்கு வக்கீல்களிடம் கேட்டால் மூன்று பேர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போவார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போனேன்.

முதல் பக்கத்தைப் படித்தாலே பதில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால். ராணுவத்தில் மற்ற எந்தக் கோர்ட்டின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்தாலும், இன்ன அதிகாரியின் இன்ன தேதியிட்ட உத்தரவின்பேரில் கூடியது என்று தொடங்கும். சம்மரியில் அந்த வரி கிடையாது. இன்ன யூனிட்டுக்குத் தலைமை வகிக்கும் இன்னார் நடத்தியது என்று மட்டும் இருக்கும். கூட்டியவர் பெயர் இல்லாததற்குக் காரணம், அதை யாரும் கூட்டுவதில்லை. நடத்துகிறவரே கோர்ட்.

பெரியவருக்கு இது விளங்கவில்லை. விளங்காததில் வியப்பும் இல்லை. எனக்கே கிளார்க்காகி மூன்றாம் வருடம்தான் விளங்கியது.

1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் நான்கு விதமான கோர்ட் மார்ஷல்களைச் சொல்கிறது. ஜெனரல், டிஸ்ட்ரிக்ட், சம்மரி ஜெனரல், சம்மரி. மேலே இருப்பது ஜெனரல் கோர்ட் மார்ஷல். தூக்கு வரைக்கும் கொடுக்கலாம், அதிகாரிகளையும் விசாரிக்கலாம். அதைக் கூட்ட மத்திய அரசால் முடியும், தரைப்படைத் தலைமைத் தளபதியால் முடியும், அல்லது தளபதி தன் வாரண்டு மூலம் அதிகாரம் கொடுத்த அதிகாரியால் முடியும். இந்த வாரண்டு யாரையும் பிடித்து வரச் சொல்லும் போலீஸ் வாரண்டு இல்லை. கோர்ட்டைக் கூட்டும் அதிகாரத்தை எழுத்தில் இறக்கிக் கொடுக்கும் பத்திரம். நிலத்துக்குப் பவர் எழுதிக் கொடுப்பதைப் போல என்று பெரியவரிடம் சொன்னேன். அது உடனே பிடிபட்டது.

அதற்கு அடுத்த படி டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல். பெயரில் மாவட்டம் இருந்தாலும் கலெக்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெனரலைக் கூட்டும் அதிகாரம் உள்ளவர் இதையும் கூட்டலாம். அல்லது அவரிடம் வாரண்டு பெற்ற இன்னொருவர் கூட்டலாம். பவர் வாங்கியவர் கீழே இன்னொருவருக்குப் பவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். கொடுக்கும்போது நிபந்தனை போடவும் இடம் உண்டு. என் சர்வீஸில் நான் கண்ட டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகள் எல்லாமே பல யூனிட்டுகள் அடங்கிய பிரிகேடின் கமாண்டர் கையெழுத்தில் கூடியவை. குறைந்தது மூன்று அதிகாரிகள் உட்கார வேண்டும், ஒவ்வொருவருக்கும் கமிஷன் பெற்று அதிகாரியாகி இரண்டு வருடமாவது முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருடச் சிறைக்கு மேல் கொடுக்க முடியாது. அதிகாரியையோ, சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வையோ அந்தக் கோர்ட்டின் முன் நிறுத்த முடியாது. மூன்று பேரும் தீர்ப்புச் சொன்ன பிறகும் அது தீர்ப்பாகாது. மேலே ஒருவர் அதை உறுதிசெய்ய வேண்டும். கூட்டுகிற கை, விசாரிக்கிற கை, உறுதிசெய்கிற கை என்று ஒரு வழக்கின் மீது பல கைகள் படுகின்றன.

சம்மரி ஜெனரல் போர்க்காலத்துச் சரக்கு. களத்தில் தனியாகப் பிரிந்து நிற்கும் படைப்பிரிவின் கமாண்டருக்கே அதைக் கூட்டும் அதிகாரம் வந்துவிடும். இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

கடைசியாக நம் சம்மரி. சட்டத்தின் 116-ஆம் பிரிவு. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் நடத்தலாம், அவர் ஒருவரே கோர்ட். அருகில் இரண்டு பேர் முழு நேரமும் இருக்க வேண்டும், அதிகாரிகளோ ஜே.சி.ஓ.க்களோ. ஆனால் அவர்களுக்குப் பிரமாணம் கிடையாது, ஓட்டு கிடையாது. நானே இரண்டு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்காவது குடை பிடிக்கும் வேலை உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு சுவரில் இருக்கும் மின்விசிறி ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் விசாரணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் தேநீர் கொடுத்தார்கள்.

மேஜர் எப்படி என்ற கேள்விக்கு வருவோம். கமாண்டிங் ஆபீசர் என்பது பதக்கத்தைப் போல ஒருவரின் நெஞ்சில் குத்தியிருப்பது இல்லை. அந்த யூனிட்டில் அந்தக் கடமையை அந்த நேரத்தில் யார் செய்ய வேண்டியவரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் கமாண்டிங் ஆபீசர். கர்னல் லீவில் போனால் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் டூ-ஐ-சி அந்த நாற்காலியில் உட்காருகிறார். நாற்காலியோடு கோர்ட்டும் வருகிறது. ஆனால் தோளில் இருக்கும் சின்னத்தைச் சட்டம் மறக்கவில்லை. நடத்துபவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஒரு வருடம் வரை சிறை. அதற்குக் கீழ் என்றால் மூன்று மாதம். அந்த மேஜர் சரியாக மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். அளவு டம்ளரில் விளிம்பு வரை ஊற்றியதைப் போல.

டிஸ்மிஸ் செய்வதற்கோ இந்த அளவு டம்ளர் இல்லை. சிறையின் நீளத்துக்கு வேலி போட்ட சட்டம், வேலையைப் பறிப்பதற்கு வேலி போடவில்லை. பதினைந்து வருடம் முடித்தால் ஓய்வூதியம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவன், பதினோராவது வருடத்தில் ஒன்றுமில்லாமல் இறங்கி வருகிறான். சிவிலில் ஒரு கடைநிலை ஊழியரை வீட்டுக்கு அனுப்பவே விசாரணை அதிகாரி, விளக்கக் கடிதம், மேல்முறையீடு என்று எத்தனை படி ஏற வேண்டும்! எனக்கு இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் மீது பழைய கோபம் உண்டு. சிறையை மூன்று மாதம் என்று அளந்தவர்கள் டிஸ்மிஸையும் அளந்திருக்கலாம்.

பையன் ஒன்றும் அறியாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. இது இரண்டாவது முறை என்று குறிப்பில் இருக்கிறது. முதல் முறை இருபத்தெட்டு நாள் கொடுத்து விட்டிருக்கிறார்கள். சி.ஓ., அதாவது கமாண்டிங் ஆபீசர், கோர்ட் எதுவும் நடத்தாமலே கொடுக்கக்கூடிய தண்டனை அது. பேஷிக்கு, அதாவது சி.ஓ.வின் முன் நிறுத்துவதற்கு, கூட்டிப் போவார்கள், தொப்பியையும் பெல்டையும் கழற்றச் சொல்வார்கள், ஐந்து நிமிடத்தில் வெளியே வரலாம். சர்வீஸ் புத்தகத்தில் சிகப்பு மை ஏறும். நாற்பத்தியொரு நாள் தாமதமாகப் போகிறவனுக்கு சிகப்பு மையின் பொருள் தெரியாமல் இருக்காது.

இந்தச் சம்மரி எங்கிருந்து வந்தது என்று பெரியவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். 1857-இல் சிப்பாய்கள் எழுந்த பிறகு, வெள்ளைக்காரக் கமாண்டரின் கையை வலுப்படுத்த இந்தியச் சிப்பாய்களுக்கென்று செய்து வைத்த ஏற்பாடு அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அதை வைக்கவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, 1950-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் நடந்து வந்துவிட்டது. அதே 1950-இல் வந்த விமானப்படைச் சட்டத்தில் சம்மரி கோர்ட் மார்ஷல் கிடையாது. என் சகலை விமானப்படைக்காரர், பொங்கலுக்குப் பொங்கல் இதைச் சொல்லிக் காட்டுவார். கடற்படையிலும் கிடையாது. அமெரிக்காவில் சம்மரி என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே சிப்பாய் எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நடத்த முடியாது, நடத்தினாலும் ஒரு மாதத்துக்கு மேல் அடைக்க முடியாது. நம் சிப்பாயிடம் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

நம் சட்டத்திலும் ஒரு கடிவாளம் இருக்கிறது. 120-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் முதல் ஹெட் கிளார்க். மலையாளி, எதற்கும் குரலை உயர்த்தாதவர், மேஜையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் வைத்திருப்பார்.

1990-களின் தொடக்கம். வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷன், அதாவது போர்முனையில் இல்லாத முகாம். யூனிட்டின் பெயரை எழுதப் போவதில்லை, அதில் இருந்தவர்களின் பெயரையும். எங்கள் ஜில்லாக்காரன் ஒருவன், இருபத்திமூன்று வயது, லீவு முடிந்து பத்தொன்பது நாள் தாமதமாக வந்தான். காவல் கொட்டடியான குவார்ட்டர் கார்டு பக்கம் சி.ஓ. சாப் நடந்து வந்தவர் இவனை நிறுத்தி நான்கு வார்த்தை திட்டினார், இவனுடைய அம்மாவையும் சேர்த்து. பையன் வாயைத் திறந்து தமிழில் ஒரு சொல் சொன்னான். ஒரே ஒரு சொல். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலை படியாதபோது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எழுத்தில் வைக்க முடியாது.

சாப் நேராக ஆபீசுக்கு வந்தார். "நாளைக்கு சம்மரி. ஒரு வருடம், டிஸ்மிஸ். காகிதத்தைத் தயார் செய்யுங்கள்." விசாரணை தொடங்குவதற்கு முன்பே தண்டனை தயாராகிவிட்டது. நான் அப்போது ஹவில்தார். டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டேன்.

ஹெட் கிளார்க் சாப் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து ராணுவச் சட்டக் கையேட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், மர ஸ்கேலை ஒரு வரியின் கீழ் வைத்தார். புத்தகத்தை அப்படியே திறந்தபடி, ஸ்கேல் நழுவாமல், இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய் சி.ஓ. மேஜையில் வைத்துவிட்டு வந்தார். கோயிலில் தட்டு கொண்டு போகிறவரின் நடை.

அந்த வரி சொல்வது இது. உடனடியாக நடவடிக்கை எடுக்க வலுவான காரணம் இல்லாதபோது, ஒழுங்குக்குக் கேடு வராமல் மேலே கேட்க முடியும் என்கிறபோது, சில குற்றங்களை சி.ஓ. தானாக விசாரிக்கக் கூடாது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டைக் கூட்டும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்ட பிறகுதான் விசாரிக்கலாம். எந்தெந்தக் குற்றங்கள்? எதிரி சம்பந்தப்பட்ட பெருங்குற்றங்கள், கலகம், நாட்டின் பொதுச் சட்டத்தின்கீழ் வரும் சிவில் குற்றங்கள். அப்புறம், கோர்ட்டை நடத்துகிறவருக்கு எதிராகவே செய்யப்பட்ட குற்றம்.

கடைசியில் இருப்பதைத்தான் ஸ்கேல் காட்டியது. திட்டு வாங்கியவரே நீதிபதியாக உட்கார வேண்டுமானால் முதலில் பிரிகேடைக் கேட்டாக வேண்டும்.

ஹெட் கிளார்க் இன்னொன்றும் மேஜையில் வைத்திருந்தார் என்று பிறகு சொன்னார். 1987-இல் உச்ச நீதிமன்றம் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் கொடுத்த தீர்ப்பின் நகல். தாக்கூர் ஒரு சிக்னல்மேன், தகவல் தொடர்புப் படையின் சிப்பாய். தன் சி.ஓ.வைப் பற்றி மேலதிகாரிக்கு நேரடியாகப் புகார் எழுதியதற்காக இருபத்தெட்டு நாள் உள்ளே இருந்தார். 1985 மே மாதம், உள்ளே இருந்தபோது, சாப்பிடு என்று ஒரு சுபேதார் இட்ட கட்டளைக்கு அவர் கீழ்ப்படியவில்லை என்று வழக்கு. மறுநாளே சம்மரி. நடத்தியவர், புகாருக்கு ஆளான அதே சி.ஓ. ஒரு வருடம் சிறை, டிஸ்மிஸ், தேஜ்பூர் சிவில் ஜெயில். சாப்பிடாததற்கு ஒரு வருடம்! உச்ச நீதிமன்றம் முழுவதையும் ரத்து செய்தது. நீதிபதிக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது என்பது ஒரு காரணம், தண்டனை குற்றத்தோடு பொருந்தவே இல்லை என்பது இன்னொரு காரணம்.

எங்கள் சி.ஓ. சாப் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு பிரிகேடுக்குக் கடிதம் சொன்னார். குரலில் காலையில் இருந்த சூடு இல்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர் கெட்ட மனிதர் அல்லர். அந்த வருடம் குளிரில் ஒவ்வொரு சென்ட்ரி போஸ்ட்டுக்கும் தாமே நடந்து போய்த் தேநீர் வந்ததா என்று கேட்டவர் அவர்தான். கோபக்காரர். கோபத்தையும் கோர்ட்டையும் ஒரே கையில் கொடுத்தால் யார்தான் என்ன செய்வார்.

பிரிகேட் கமாண்டர் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டைக் கூட்டினார். வேறு யூனிட்டுகளிலிருந்து மூன்று அதிகாரிகள். தாமதமாக வந்தது ஒரு குற்றச்சாட்டு, மேலதிகாரியிடம் அவமரியாதையாகப் பேசியது இன்னொன்று. பையனுக்காக வாதாட பக்கத்து பீரங்கிப் படையிலிருந்து ஒரு இளம் கேப்டன் வந்தார். தட்டச்சுக்கு என்னை அனுப்பினார்கள்.

சி.ஓ. சாப் சாட்சியாக நின்றார். சம்மரியில் நாற்காலியில் இருந்திருப்பவர், இங்கே நின்றுகொண்டிருந்தார். கேப்டன் மிக மரியாதையாகக் கேட்டார். "சார், குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொல் எது?" சாப் சொன்னார், அவருடைய உச்சரிப்பில். அதை ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவது என்று நான் விழித்தேன். எனக்குப் பின்னால் நின்ற காவலன், அவனும் தமிழன், இருமலை அடக்கினான்.

"அதன் பொருள் என்ன, சார்?"

சாப் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

"அப்படியானால் அது அவமரியாதையான சொல் என்று எப்படித் தெரிந்தது?"

"சொல்லிய விதத்தில் தெரிந்தது. பிறகு இன்னொருவர் பொருளைச் சொன்னார்."

அந்த இன்னொருவரைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கவில்லை. மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது குற்றச்சாட்டு நிற்கவில்லை. முதலாவதற்கு இரண்டு மாதம். பையன் திரும்பி வந்து சர்வீஸைத் தொடர்ந்தான், நாயக்காக ஓய்வுபெற்றான். தாமதம் மட்டும் அவனை விடவில்லை, தன் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தாண்டி வந்தான் என்று கேள்வி.

தான் புரிந்துகொள்ளாத ஒரு சொல்லுக்காக ஒருவர் ஒரு வருடம் கொடுத்திருப்பார். அன்று அதைத் தடுத்தது ஒரு மர ஸ்கேல். எல்லா ஆபீசிலும் அப்படி ஒரு ஹெட் கிளார்க் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பிற்பாடு, 2016-இல், உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சம்மரி என்பது விதிவிலக்கு, உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டிய அவசரம் இருக்கும்போதுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஓடிப் போய்த் திரும்பி வந்து ராணுவ டிப்போவில் சரணடைகிறவனை அந்த டிப்போவோடு இணைத்து வைத்தால், அங்குள்ள கமாண்டிங் ஆபீசரே சம்மரி நடத்தலாம், அவனுடைய பழைய யூனிட்டின் சி.ஓ.வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கையால் கடிவாளத்தை இழுத்து, மறு கையால் லாயத்தை அகலப்படுத்திய தீர்ப்பு என்று எனக்குத் தோன்றியது. நான் வக்கீல் இல்லை, தப்பாகவும் இருக்கலாம்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப் போயிருந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்படியென்றால் மேஜர் செய்தது சரிதான் என்கிறீர்கள்."

"நடத்துவதற்கு அதிகாரம் உண்டு என்கிறேன். எப்படி நடத்தினார் என்பது வேறு."

பக்கங்களைப் புரட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் பையனின் வாக்குமூலம்: அப்பாவுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, தாமதமாக வந்தது என் தவறுதான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டத்தில் குற்றம் என்பது வெறும் தாமதம் அல்ல, தக்க காரணமில்லாத தாமதம். காரணத்தையும் சொல்லி, தவறு என்றும் சொல்கிறவன், எதை ஒப்புக்கொள்கிறான்? ஒப்புக்கொள்வதன் விளைவு அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் அதை மாற்றி, ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதி விசாரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மேஜர் அப்படிச் செய்யவில்லை. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.

சம்மரி தீர்ப்புக்கு யாரும் உறுதி செய்ய வேண்டியதில்லை, அன்றே அமலுக்கு வரும். பிறகு காகிதம் பிரிகேடுக்கோ டிவிஷனுக்கோ போகும். அங்கே இருப்பவர் ரத்து செய்யலாம், குறைக்கலாம். ஆனால் வழக்கின் தகுதியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், வெறும் நடைமுறை நுணுக்கக் காரணத்துக்காகக் கூடாது. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. சம்மரியில் டிஸ்மிஸோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ இருந்தால்தான் அங்கே போக முடியும். இவனுக்குச் சிறை சரியாக மூன்று மாதம். மூன்றுக்கு மேல் இல்லை. டிஸ்மிஸும் இருந்ததால் கதவு திறந்திருக்கிறது. அவனைத் தெருவில் நிறுத்திய தண்டனையே அவனைக் கோர்ட்டுக்குள்ளும் விடுகிறது.

கத்தையின் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு. குற்றப்பத்திரிகை பெற்றுக்கொண்டேன் என்று பையன் கையெழுத்திட்டது. செவ்வாய்க்கிழமை, 1600 மணி. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கோர்ட் தொடங்கியது சனிக்கிழமை, 1100 மணி.

"உங்கள் மருமகன் யூனிட் அப்போது எங்கே இருந்தது?"

பெரியவருக்குத் தெரியவில்லை. போனில் கூப்பிட்டார். மறுமுனையில் பையன் எடுத்தான். நான் யாரென்று மாமா சொன்னதும், பேசுவதற்கு முன்பே "ஜெய் ஹிந்த், சாப்" என்றான். ஒரு மாதமாக வெளியே வராதவன் அந்த இரண்டு சொல்லை மட்டும் பரேட் மைதானத்துக் குரலில் சொன்னான்.

"யூனிட் ஃபீல்டிலா, பீஸிலா?"

"பீஸ், சாப். கன்டோன்மென்டில்தான். ஃபீல்டுக்குப் போக இன்னும் எட்டு மாதம் இருந்தது."

"சீட்டில் 1600 என்று எழுதியது நீயா?"

"நான்தான் சாப். சுவரில் கடிகாரம் இருந்தது. பார்த்து எழுதினேன்."

போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவே 96 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக்டிவ் சர்வீஸில், அதாவது போர்க்களப் பணியில், இருந்தால் 24 போதும். இவன் இருந்தது பீஸில். 96 மணி நேரம் கட்டாயம், சலுகை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. செவ்வாய் மாலை நான்கிலிருந்து சனி மாலை நான்கு வரைக்கும் 96. சனி காலை பதினொன்றுக்கு 91.

இன்னொரு முறை விரல் விட்டு எண்ணினேன். 91-தான். அந்தச் சீட்டை மட்டும் கத்தையிலிருந்து எடுத்து மேலே வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தீர்ப்பாயத்தில் வழக்காடும் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். மூலச் சீட்டு பையனிடமே இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வரும்படி பெரியவரிடம் சொன்னேன். இருக்கிறது என்று மாலையில் ஆள் அனுப்பினார். அவனுடைய அம்மா அதை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறாராம்.